பச்சை உறையில் ஐந்தாவது பெயர்

போன வாரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் குண்டு விழுந்தது. போன அத்தியாயத்தில் அதைப் படிக்காதவர்களுக்காக ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

என் மாமனார் ஜாஸ் இசைத்தட்டு சேர்ப்பவர். முப்பத்தைந்து வருஷம் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அளக்க நிலம் இல்லாததால் இப்போது தட்டுகளை அளக்கிறார். ஒரே தட்டின் முதல் பதிப்பு, அடுத்த பதிப்பு, அயல்நாட்டுப் பதிப்பு என்று ஐந்தாறு வாங்கி, எதில் ஒலி நன்றாக இருக்கிறது என்று ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதுவார். அந்தத் தீர்ப்புக்காகவே காத்திருக்கிற ஒரு கூட்டம் உண்டு. தட்டு சேர்ப்பவர்கள் சங்கத்தில் அவருக்கு 'ஊசி மாமா' என்று பெயர்.

அவர் சேர்த்ததில் சாமி மாதிரி வைத்திருப்பது ஒரு பச்சை உறைத் தட்டு. நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நாலு பேர் வாசித்தது. பியானோ, ட்ரம்பெட், சாக்ஸபோன், ட்ரம்ஸ். ஒரே ஒரு தடவை அச்சாகிக் காணாமல் போனது. இப்போது ஒரு சின்ன கம்பெனி அதன் மூல டேப்பைத் தேடிப் பிடித்து மறுபதிப்பு போடுகிறது. உறைக்குப் பின்னால் குறிப்பு எழுதித் தரும்படி மாமாவைக் கேட்டார்கள். அவரும் எழுதிவிட்டார். தலைப்பு, 'பேஸ் இல்லாத துணிச்சல்.'

ஜாஸ் என்றால் டபுள் பேஸ் இருக்கும். ஆள் உயரத்துக்கு வயலின் மாதிரி நிற்குமே, பக்கத்தில் நின்றுகொண்டு விரலால் சுண்டி 'தும் தும்' என்று வாசிப்பார்களே, அது. இந்தத் தட்டில் அது கேட்காது. பேஸே இல்லாமல் வாசித்துக் காட்டிய நாலு ஆண்பிள்ளைகளின் தைரியத்தைப் பற்றி மாமா நாலு பக்கம் உருகியிருந்தார். அதிலும் மூன்றாம் பக்கம் முழுக்க, இரண்டாவது பாட்டில் பியானோக்காரர் திடீரென்று முன்னால் பாய்கிற ஒரு இடத்தைப் பற்றி. 'புலிப் பாய்ச்சல்' என்று எழுதியிருந்தார். மேஜையில் எங்களுக்குப் படித்தும் காட்டினார்.

முடித்ததும் அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். அத்தை என்றால் என் மாமியார்.

"அதுல பேஸ் இருக்கு. வாசிச்சது நான்."

மாமா சிரித்தார். புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தார். அன்றிலிருந்து ஆறு நாளாக அத்தை அவரோடு நேராகப் பேசுவதில்லை. 'டீ வேணுமான்னு உங்க மாமாவைக் கேளு' என்று என் வழியாகத்தான் தபால் போகிறது. மாமா நாலு அடி தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்க்காமல் வெளியூர் வேலை என்று கிளம்பிவிட்டார். விவரமான மனுஷர்.

இன்று மாலை நாலு மணிக்கு உறை அச்சுக்குப் போகிறது. அதற்குப் பிறகு யார் நினைத்தாலும் ஒரு எழுத்தை மாற்ற முடியாது.

காலையில் டீயோடு தட்டு அறைக்குப் போனேன். செருப்பு கழற்ற வேண்டும், பேசக் கூடாது, ஜன்னலைத் தொடக் கூடாது என்று அந்த அறைக்குச் சட்டம் இருக்கிறது. மாமா இரண்டு வெள்ளை உறைகளை மடியில் வைத்திருந்தார். கம்பெனிக்காரர்கள் அனுப்பிய சோதனைத் தட்டுகள். ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் போட்டிருந்தது. ஒரே டேப்பின் ஒலியை இரண்டு விதமாகத் தட்டில் வெட்டியிருக்கிறார்கள். எதை அச்சடிப்பது என்று மாமாதான் சொல்ல வேண்டும்.

"ஒண்ணுதான்மா. சந்தேகமே இல்ல. பளிச்சுன்னு இருக்கு. என் பழைய தட்டு மாதிரியே இருக்கு. ரெண்டு மந்தம். போர்வை போத்தின மாதிரி இருக்கு. அடியில ஏதோ உறுமல் வேற."

இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். சத்தக் குமிழைத் தொடவே இல்லை.

"ஒண்ணு சத்தமா இருக்கே மாமா?"

"நல்லா இருக்கிறதாலதான் சத்தமாத் தெரியுது."

இதற்கு மேல் என்ன பேச? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆனால் அவர் சொன்னது தலைகீழ் என்று எனக்குத் தெரியும். என் வேலையே காது சோதிப்பதுதான். மருத்துவமனையில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே உட்கார வைத்து, 'கேட்டா பட்டனை அழுத்துங்க' என்று நாள் முழுக்கச் சொல்கிறவள் நான். காது கேட்கும் கருவி வாங்க வருகிறவர்களிடம் இரண்டைக் கொடுத்தால் சத்தமாக இருப்பதைத்தான் 'தெளிவா இருக்கு' என்பார்கள். ஒரு பொட்டு சத்தம் கூடினாலே போதும், காது ஏமாந்துவிடும். சத்தத்தைச் சமமாக வைத்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். இது தெரியாமல் இத்தனை வருஷம் தீர்ப்பு எழுதியிருக்கிறாரே!

மருத்துவமனைக்கு அத்தையின் காரில்தான் போனேன். அத்தை கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். முதல் பாடமே என்னை இறக்கிவிடுகிற வழியில்தான் நடக்கும். ஸ்டியரிங்கில் ஒரு பேக்கரிக்காரர், அவருக்குப் பக்கத்தில் அத்தை, பின்னால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நான்.

"அத்தை, நிஜமாவே அது நீங்களா?"

"நீயும் உங்க மாமா மாதிரி சிரிக்கணுமா இப்போ? கிளட்சை மிதிங்க சார், கிளட்சை!"

"நான் சிரிக்கலையே."

அத்தை கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இருபத்தொரு வயசு. ஒரு ஓட்டல்ல தினமும் சாயங்காலம் பேஸ் வாசிப்பேன். வெளியில எங்கேயும் வாசிக்கக் கூடாதுன்னு ஓட்டல்காரர் கையெழுத்து வாங்கியிருந்தார். இவங்க நாலு பேரும் வந்து, ரெண்டே நாள் வந்து வாசிச்சுக் குடுன்னாங்க. போனேன். பேரு போட்டா வேலை போயிடும். அதனால பேரு வேண்டாம்னு நானேதான் சொன்னேன். யார் மேலயும் குத்தம் இல்ல."

"மாமாகிட்ட முன்னாடியே சொல்லலையா?"

"கல்யாணமான புதுசுல பேண்டுல வாசிச்சிருக்கேன்னு சொன்னேன். 'நானும் ஸ்கூல் பேண்டுல மேளம் அடிச்சிருக்கேன்'னார். போகட்டும்னு விட்டேன். முப்பது வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பச்சைத் தட்டை எங்கேயோ பிடிச்சு வாங்கிட்டு வந்தார். எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. இதுல நான் இருக்கேன்னு சொன்னேன். போட்டுக் காட்டினார். எனக்கே கேக்கல. என் காதுக்கே நான் இல்ல. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?"

பேக்கரிக்காரர் காரை நிறுத்திவிட்டார். சிவப்பு விளக்குகூட இல்லை.

"ஏன் சார் நிறுத்தினீங்க?"

"மனசு கேக்கல மேடம்."

"மனசு கேக்கலைன்னா இண்டிகேட்டர் போட்டு ஓரமா நிறுத்தணும். போங்க போங்க."

அந்தக் காலத்தில் தட்டு வெட்டுகிறவர்கள் அடி ஒலியைச் சீவிவிடுவார்களாம். பேஸ் கனமாக இருந்தால் மலிவான பிளேயர்களில் ஊசி துள்ளிவிடும் என்று பயம். இதையும் அத்தைதான் சொன்னார். மாமாவின் சாமித் தட்டு அப்படிச் சீவிய தட்டு.

"டேப்பு கிடைச்சிருச்சுன்னதும்தான் தைரியம் வந்துச்சும்மா. டேப்புல நான் இருப்பேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அந்த உறையில நாலு பேருக்குக் கீழ அஞ்சாவதா ஒரு வரி. அவ்வளவுதான்."

நான் மருமகளாக வந்த இந்த ஆறு வருஷத்தில் அத்தை எதையும் 'எனக்கு வேணும்' என்று கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு மாமா மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

மதியம் அரை நாள் லீவு கேட்டேன். கூடவே சத்தம் அளக்கும் மீட்டரையும் கேட்டேன். பெரிய டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எதுக்கு?"

"வீட்டுல ஒரு கேஸ் சார்."

"காதா?"

"பிடிவாதம்."

அவருக்கும் மனைவி உண்டு. கொடுத்துவிட்டார்.

இரண்டரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது மாமா உறைக் குறிப்பை ஏழாவது தடவையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பூனைக்கு மணி கட்ட என்னை விட்டால் ஆள் இல்லை.

"மாமா, உங்க சங்கத்துல கண்ணைக் கட்டிக்கிட்டுக் கேட்டுச் சொல்ற தீர்ப்புதான் கடைசித் தீர்ப்புன்னு ஒரு விதி இருக்காமே?"

"இருக்காமேவா? அந்த விதியை எழுதினதே நான்தான்!"

"அப்போ நீங்க காலையில கண்ணைத் திறந்துக்கிட்டுத்தானே கேட்டீங்க?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனால் நியாயஸ்தர். துண்டை எடுத்துத் தானே கண்ணைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் மீட்டரை அவர் காதுக்குப் பக்கத்தில் பிடித்து அளந்தேன். ஒன்றாம் எண் தட்டு, இரண்டை விட மூன்று டெசிபல் கூடுதல் சத்தம். குமிழில் பென்சிலால் கோடு போட்டு, மூன்று தட்டுகளுக்கும் சத்தத்தைச் சமமாக்கினேன். ஒன்று, இரண்டு, அப்புறம் அவருடைய சாமித் தட்டு.

அத்தை வந்து கதவோரம் நின்றார். உள்ளே வரவில்லை.

முதலில் சாமித் தட்டைப் போட்டேன். "ம்... தகரம் மாதிரி இருக்கே. இது அந்த ஒண்ணாம் நம்பரா இருக்கும். காலையில எப்படி ஏமாந்தேன்?" என்றார் மாமா. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்து ஒன்றாம் எண். "இதுவும் அதேதான்."

கடைசியாக இரண்டு.

அறை மாறிவிட்டது. சாதாரணக் காது உள்ள எனக்கே தெரிந்தது. பியானோ பக்கத்து மூலையில் வந்து உட்கார்ந்தது. ட்ரம்ஸ்காரரின் குச்சி எந்த ட்ரம்மில் படுகிறது என்று கையைக் காட்டிச் சொல்லலாம் போலிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், தரையைப் பிடித்துக்கொண்டு, தும்... தும்... தும்... தும்... என்று ஒன்று நடந்துகொண்டே இருந்தது.

கதவோரம் பார்த்தேன். அத்தையின் இடது கை தோளுக்கு மேலே இல்லாத கம்பியைப் பிடித்திருந்தது. வலது கை விரல்கள் இடுப்புக்குப் பக்கத்தில் காற்றைச் சுண்டின. ஒவ்வொரு தும்முக்கும் ஒரு சுண்டு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"இதுதான்!" மாமா துள்ளி எழுந்தார். "இதுதான் என் பச்சைத் தட்டு! ஒரிஜினல்னா ஒரிஜினல்தான். யாரை ஏமாத்தப் பாக்கிற? முப்பது வருஷமாக் கேட்ட காதும்மா இது!"

துண்டை அவிழ்த்தார். சுற்றிக்கொண்டிருந்த தட்டில் இரண்டு என்று எழுதியிருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். என் கையில் இருந்த சாமித் தட்டைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"முதல்ல போட்டது...?"

"உங்க ஒரிஜினல் மாமா. தகரம்னீங்களே."

யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் விழுந்த யானை அவ்வளவு சுலபமாக எழுந்திருக்குமா? நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் அதே பாட்டைக் கேட்டார். பிறகு முகம் சிவந்தது.

"இதுல பேஸ் கேக்குது."

"ஆமா மாமா."

"திருட்டுப் பசங்க! இந்தக் காலத்து ஆளுங்களுக்குப் பிடிக்கணும்னு புதுசா ஒருத்தனை வச்சு வாசிக்கச் சொல்லி மேல ஒட்டியிருக்காங்க. இதை நான் விடப்போறதில்ல. போனை எடு!"

மணி மூன்று பத்து. இவர் போன் செய்து சண்டை போட்டால், இருக்கிற ஒரு வழியும் அடைபட்டுவிடும்.

"ஏங்க."

ஆறு நாளில் முதல் தடவையாக அத்தை அவரை நேராகக் கூப்பிட்டார். அறைக்குள் வந்தார். செருப்போடு வந்தார். மாமா அதைக் கவனிக்கக்கூட இல்லை.

"இப்போ ஓடினது முதல் பாட்டு. அடுத்ததை என் பேஸோட நான் கேட்டு நாப்பத்தஞ்சு வருஷமாச்சு. போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. மெட்டு மூணாவது சுத்து சுத்தி முடியற இடத்துல நான் ஒரு தப்புப் பண்ணினேன். நாலு எண்ணிக்கை முன்னாடியே அடுத்த சுத்துக்குப் போயிட்டேன். பியானோக்காரர் என்னைப் பார்த்தார். திட்டுவார்னு நினைச்சேன். சிரிச்சிட்டு, அவரும் என் பின்னாலயே குதிச்சு வந்துட்டார். அதைத்தான் நீங்க புலிப் பாய்ச்சல்னு எழுதியிருக்கீங்க. முப்பது வருஷமா வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் என் தப்பைத்தான் மெச்சிக்கிட்டிருக்கீங்க."

மாமா பிளேயருக்கு முன்னால் போய் நின்றார். தானே ஊசியை எடுத்து இரண்டாவது பாட்டில் வைத்தார்.

முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. மாமாவின் விரல் எண்ணிக்கொண்டே வந்தது. எனக்கு ஜாஸும் தெரியாது, சுற்றும் தெரியாது. ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடம் வந்தது. பேஸ் தனியாக முன்னால் தாவியது. ஒரே ஒரு எண்ணிக்கை தாமதித்து, பியானோ பின்னாலேயே தாவியது.

மாமா ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தார். அதேதான். மறுபடி வைத்தார்.

"பின்னால ஒட்டினவன்..." என்று மெதுவாக ஆரம்பித்தார். யாரிடமும் பேசவில்லை; கணக்குப் போட்டார். "ஏற்கெனவே இருக்கிற பியானோவைக் கேட்டுத்தான் வாசிப்பான். அப்போ பியானோவுக்குப் பின்னாலதானே வருவான்? இங்க பேஸ் முன்னாடி போகுது. பியானோ தொடருது. அப்படின்னா ரெண்டு பேரும் ஒரே அறையில, ஒரே நேரத்துல..."

முடிக்கவில்லை. திரும்பி அத்தையைப் பார்த்தார். நாற்பது வருஷம் கூட வாழ்ந்த முகத்தை யாராவது அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"இது நீதானா?"

"நான்தாங்க."

"உலகம் பூரா கடிதம் போட்டேன். இந்தத் தட்டுல வாசிச்ச யாராவது ஒருத்தர் கையைப் பிடிச்சுக் குலுக்கிட மாட்டோமான்னு. நீ தினமும் எனக்கு டீ குடுத்துக்கிட்டிருந்தியா?"

"வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சீங்க மாமா" என்றேன். சும்மா இருக்க முடியவில்லை.

"நீ வேற ஏம்மா! நானே வெந்துபோயிருக்கேன்" என்றவர், அத்தையின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே அழுதார். "சிரிச்சிட்டேனே... நான் உன்னைப் பார்த்துச் சிரிச்சிட்டேனே." எனக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

அழாமல் இருந்தது அத்தை மட்டும்தான். "மணியைப் பாருங்க" என்றார்.

மூன்று நாற்பது!

மாமா கம்பெனிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் ஒரு இளைய குரல். மறுபதிப்பு போடுகிறவர்.

"ரெண்டாம் நம்பரை அச்சடிங்க" என்றார் மாமா. "என் கட்டுரையைத் தூக்கிக் குப்பையில போடுங்க."

"சார்! நாலு மணிக்கு அச்சு சார்!"

"இருபது நிமிஷம் இருக்கு. வேற சொல்றேன், எழுதிக்குங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். டேப்புப் பெட்டியில ஏதாவது எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு சார். மைக் அஞ்சுன்னு போட்டிருக்கு. நாலு பேருக்கு எதுக்கு அஞ்சு மைக்னு நாங்களும் மண்டையை உடைச்சுக்கிட்டோம். நீங்க பேஸ் இல்லன்னு சொன்னதால விட்டுட்டோம்."

மாமா கண்ணை இறுக்க மூடித் திறந்தார். பிறகு, ஒரு தடவைகூட நிறுத்தாமல் சொன்னார்:

"'இந்தத் தட்டில் வாசித்தவர்கள் ஐந்து பேர். ஐந்தாவது ஆளை நான் முப்பது வருடம் கேட்கவில்லை. தவறு பாதி பழைய தட்டில், பாதி என் காதில். நான் இத்தனை நாள் புலிப் பாய்ச்சல் என்று புகழ்ந்த இடத்தில் முதலில் பாய்ந்தவர் அவர்தான்.' போதும். இதுக்கு மேல ஒரு வரியும் வேண்டாம்."

நாலு பக்கம் எழுதிய மனுஷர் நாலே வரியில் முடித்தது இன்றுதான்.

"சரி சார். கலைஞர்கள் பட்டியல்ல அஞ்சாவதா என்ன போடணும்?"

"டபுள் பேஸ்னு போடுங்க. பக்கத்துல, என் மனைவி..."

அத்தை எட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"மனைவின்னு எல்லாம் போடாதீங்க தம்பி. அப்போ எனக்குக் கல்யாணமே ஆகல. பேரு போடுங்க. சொல்றேன்."

சொன்னார். இனிஷியலோடு, ஓட்டல் மேடையில் அறிவித்த அதே பெயரை, எழுத்து எழுத்தாக, அவசரமில்லாமல். எதிர்முனை திருப்பிப் படித்தது. ஒரு எழுத்து நெடிலுக்குப் பதில் குறிலாக வந்திருந்தது. அதையும் திருத்தினார். மாமா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"போட்டாச்சும்மா" என்றது குரல். "அச்சுக்கு அனுப்பியாச்சு."

அத்தை ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம் சிரித்தார். வீடே அதிர்கிற மாதிரி, தலையைப் பின்னால் சாய்த்து, இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாரோ அந்தச் சிரிப்பை! நானும் சேர்ந்துகொண்டேன். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே சேர்ந்துகொண்டார்.

"அம்மா, வைச்சிடாதீங்க" என்றது போன். குரலில் ஒரு தயக்கம். "அந்த நாலு பேர்ல இப்போ இருக்கிறவர் ட்ரம்ஸ்காரர் ஒருத்தர்தான். அடுத்த மாசம் வெளியீட்டுக்கு வர்றார். மேடையில ஒரு பாட்டு வாசிக்கிறேன்னு சொல்லியிருக்கார். பேஸுக்குத்தான் ஆள் தேடிக்கிட்டிருக்கோம்..."

சிரிப்பு நின்றுவிட்டது. அத்தை தன் வலது கையைத் திருப்பி விரல் நுனிகளைப் பார்த்தார். நாற்பது வருஷமாக அவை எந்தக் கம்பியையும் தொட்டதில்லை. வீட்டில் பேஸும் கிடையாது. மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்று சொல்லவும் பயந்துபோய் என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன்.

"எத்தனை மணிக்கு வரணும் தம்பி?" என்றார் அத்தை.